இலையில் ஒட்டும் மின்நாடா

பயிருக்கு எப்பொழுது நீர் பாய்ச்சுவது என்பதை, இலை வாடுவதைக் கண்டும், மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்துப் பார்த்துமே குடியானவர்கள் தீர்மானிக்கின்றனர். ஆனால் வாட்டம் கண்ணுக்குத் தெரியும் முன்னரே பயிரின் வளர்ச்சி குன்றத் தொடங்கிவிடுகிறது. மக்காச்சோளம் பூக்குந் தருணத்தில் இவ்விதத் தாமதம் நேரிடின், மணி பிடிப்பது குறைந்து விளைச்சல் நஷ்டமாகும். பயிரின் நீர்நிலையை இலையிலிருந்தே அறிவிக்கக்கூடிய ஒரு கருவியைப் பற்றி இங்குச் சுருக்கமாகக் கூறுவோம்.

மையின் தன்மை.— ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால், ஒரு கூறு நானோமீட்டர் எனப்படும். வெள்ளி உருகுதற்கு 962 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். அதையே சில பத்து நானோமீட்டர் அளவுள்ள துகளாக்கி மையிற் கலந்தால், ஏறக்குறைய 150 டிகிரியிலேயே துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து மின்சாரம் பாயும் கோடாகிவிடும். ஆகவே மெல்லிய பிளாஸ்டிக் தாளின் மேலும், அது கருகாதவாறு மின்பாதைகளை அச்சிடலாம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியின் வழியே மையை ரப்பர் பட்டையால் தள்ளும் சாதாரண அச்சுமுறையே இதற்குப் போதும். தாள் வளையும்போது கோடும் உடன் வளையும்.

அயோவா பரிசோதனை.— அமெரிக்காவில் மக்காச்சோளம் மிகுதியாக விளையும் அயோவாவில், அயோவா ஸ்டேட் சர்வகலாசாலையைச் சேர்ந்த லியாங் டோங், பேட்ரிக் ஷ்னேபிள் முதலியோர் 2017-ஆம் ஆண்டில் இத்தகைய நாடாவை வெளியிட்டனர். இதில் வெள்ளிக்குப் பதிலாகக் கிராபீன் என்னும் மிக மெல்லிய கரித்தகடு உபயோகிக்கப்பட்டது. அச்சுக்கட்டையின் பள்ளங்களில் கிராபீன் கரைசலை நிரப்பி, மிகுதியை அகற்றி, ஒட்டுநாடாவை அழுத்தி உரித்தால் உருவம் நாடாவில் பதிந்து வரும். அதை இலையில் ஒட்டினால், இலை விடும் நீராவிக்கு ஏற்ப அதன் மின்கடத்தும் தன்மை மாறும். அடியிலையில் ஒன்றும் மேலிலையில் ஒன்றும் ஒட்டி நீர் ஊற்றினால், இரண்டும் மாறும் நேரங்களின் வித்தியாசமே நீர் மேலேறப் பிடித்த காலமாகும். வறட்சி தாங்கும் ரகங்களைப் பொறுக்குவோருக்கு இது பெரிதும் உதவும்.

மின்சக்தி.— வயலில் இத்தகைய கருவிகளுக்கு அடிக்கடி மின்கலம் மாற்றுவது சிரமம். துத்தநாக ஆக்ஸைடின் நுண்ணிழைகளை வளைத்தால் மின்சாரம் பிறக்கும் என்று 2006-இல் ஜார்ஜியா டெக் கழகத்தின் ஜோங் லின் வாங், ஜின்ஹுய் சாங் ஆகியோர் காட்டினர். இவ்வகைப் பொருளைத் தாளில் பரப்பினால், காற்றில் அசையும் தாளே சிறிது மின்சாரம் தரும். ஆயினும் அது மிகச் சொற்பம். பத்து மைக்ரோவாட் கிடைப்பதாகக் கொண்டால், ஒரு மணி நேரத்தில் சேர்வது 0.036 ஜூல் மட்டுமே. சேர்த்து வைத்துச் சிறு செய்தியொன்றை அனுப்ப அது போதும்; ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்கோ விநாடிக்கு 746 ஜூல் வேண்டும். எனவே, இதைக் கொண்டு நீர் இறைக்கலாம் என்பாரின் பேச்சை நம்பிப் பணத்தை இழக்கலாகாது.

எச்சரிக்கை.— வெள்ளியின் நுண்துகள் மண்ணிலுள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்களுக்குத் தீங்காகும். வெள்ளி மையால் அச்சிட்ட நாடாக்களை அறுவடைக்கு முன் எண்ணிச் சேகரித்து அகற்ற வேண்டும். உழவில் மடங்க விடலாகாது. நாடா காட்டும் அளவையும் உடனே முழுதும் நம்பாமல், முதற்போகத்தில் மண்ணின் ஈரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நலம்.