சுவருக்குள் மின்கம்பி

மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது. அதைக் கொண்டுசெல்லும் கம்பியும் சுவருக்குள் மறைந்துவிட்டால், அது செல்லும் வழியைப் பிறர் அறிவது எவ்வாறு? பழைய சமையலறைக்குப் புதிய மின்கம்பி இழுப்போர் முதலில் எண்ண வேண்டியது இதுவே.

பிரிட்டன் நாட்டு மின்னமைப்பு விதிகள் இதற்கு வழி வகுத்துள்ளன. 50 மில்லிமீட்டருக்குக் குறைந்த ஆழத்தில், உலோகக் காப்பின்றிப் பதிக்கும் கம்பி, சுவிட்சிலிருந்து நேர் மேலாகவோ, நேர் கீழாகவோ, கிடையாகவோ செல்லவேண்டும். சுவரின் உச்சியையும் மூலையையும் ஒட்டிய 150 மில்லிமீட்டர் அகலத்திற்குள்ளும் செல்லலாம். கம்பியை மிச்சப்படுத்தக் குறுக்கே இழுத்தல் தகாது.

பள்ளம் வெட்டுவதற்கும் வரம்பு உண்டு. செங்குத்துப் பள்ளம் சுவர்க்கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், கிடைப்பள்ளம் ஆறில் ஒரு பங்கையும் மீறலாகாது. மீறினால் சுவரின் வலிமை குன்றும்.

சமையலறைச் சுவரில் அலமாரி மாட்டுவோர் பலர். பல ஆண்டுகள் கழித்து ஒருவர் அங்கே துளையிடும்பொழுது, கம்பி பதித்தவர் அருகில் இரார். எனினும், சுவிட்சைக் கண்ட அளவில் கம்பியின் வழியை உய்த்துணர்ந்து அவர் விலகிக்கொள்வார். குறுக்கே சென்ற கம்பியோ எவர் கருத்துக்கும் எட்டாது. துளைக்கருவி அதிற் பட்டால் உயிருக்கே ஊறு நேரலாம். ஆதலின், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியையும் அவ்விதிகள் வேண்டுகின்றன.

பூச்சு மூடியபின் வேலையின் செம்மையைக் காண்பார் இல்லை. ஆயினும், முன்பின் அறியாத ஒருவரின் உயிரைக் காப்பது அச்செம்மையே.