கடன் வலையும் கூட்டுறவும்

நுழையும்முன்

வலை நிறைய மீன் கிடைத்தும் மீனவர் இல்லத்தில் வறுமை நீடிப்பது ஏன்? இவ்வினாவிற்கு விடை தேடுவோர் கடலை மட்டுமன்றிக் கடனையும் அறிதல் வேண்டும். சிறு உழைப்பாளர் குறைந்த வட்டியில் கடன்பெறும் வழியை ஆராய்ந்தவர், ஆங்கிலேய ஆட்சிப் பணியாளரான பிரெடரிக் அகஸ்டஸ் நிக்கல்சன் (1846–1936).

பழவேற்காட்டின் 'பாடு'

தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பரந்துள்ள பழவேற்காடு ஏரி, சிலிகாவிற்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். அதன் கரையிலுள்ள கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்னும் மரபு உண்டு. ஏரியில் எல்லா இடங்களிலும் இறால் ஒரே அளவில் கிடைப்பதில்லை. வளமான இடத்தை ஒருவரே பற்றிக்கொள்ளாதவாறு, மீனவர் தமக்குள் முறை வகுத்து இடம்மாறி வலையிடுவர்.

நீரைப் பகிர இத்தகைய நெறி இருந்தது, பணத்திற்கு இல்லை. படகிற்கும் வலைக்கும் வணிகரிடம் முன்பணம் பெற்ற மீனவர், பிடித்த மீனை அவ்வணிகர் குறித்த விலைக்கே கொடுக்க நேர்வது கடற்கரை ஊர்களின் நெடுநாள் துயரமாகும்.

அறிக்கையும் சட்டமும்

நிக்கல்சன் 1869இல் சென்னை மாகாண ஆட்சிப் பணியில் சேர்ந்தார். 1887இல் வெளிவந்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு, அவருடைய ஆய்வுத் திறத்திற்குச் சான்றாகும். 1892இல் வேளாண் வங்கிகளைப் பற்றி ஆராயும் பொறுப்பை மாகாண அரசு அவரிடம் ஒப்படைத்தது. அவ்வாய்வின் அறிக்கை 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது.

செருமானிய ஊர்த்தலைவர் ரெய்பைசன் அமைத்த சிற்றூர்க் கடன் சங்கங்கள் அவரைக் கவர்ந்தன. ஈடாக வைக்க நிலமோ நகையோ இல்லாதவருக்கு ஊராரின் கூட்டுப் பொறுப்பே பிணையாயிற்று. ஒருவர் கடனுக்கு அனைவரும் பொறுப்பேற்றமையால், கடன் எதற்குச் செலவாகிறது என்பதை ஊரே கண்காணித்தது. வட்டியும் குறைந்தது. தமிழ்நாட்டு நிதி நிறுவனங்களையும் நிக்கல்சன் தம் அறிக்கையில் ஆராய்ந்தார்.

1901இல் எட்வர்டு லா தலைமையில் அமைந்த குழுவில் அவரும் இடம்பெற்றார். அதன் விளைவாக 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது.

கடலை நோக்கி

1905இல் மீன்வளப் பணி அவரிடம் வந்தது. சப்பான் நாட்டின் மீன்பிடி முறைகளை நேரில் கண்டு எழுதினார். 1907இல் சென்னை மாகாணத்தில் மீன்வளத்துறை உருவாயிற்று. மலபார்க் கரையில் மிகுதியாகக் கிடைத்த மத்தி மீனிலிருந்து எண்ணெயும் உரமும் எடுக்கும் தொழில் ஊக்கம் பெற்றது. அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், பழவேற்காட்டு ஏரியில் உண்ணத்தக்க சிப்பிகளை வளர்க்க முயன்றார்.

சட்டத்தால் மட்டும் கடற்கரையின் கடன் தீர்ந்துவிடவில்லை. சங்கத்தைப் பதிவு செய்ய அரசாணை போதும். அதை நிலைநிறுத்த ஒருவரையொருவர் அறிந்த ஊராரின் நம்பிக்கை வேண்டும். அந்நம்பிக்கையை வெளியிலிருந்து கொண்டுவர இயலாது. பாட்டு முறையைக் காத்துவரும் பழவேற்காட்டு மீனவரிடம் அது முன்னரே இருந்தது. கூட்டுறவு கால்கொள்ள வேண்டிய நிலமும் அதுவே.

தெரியுமா?

1904ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து அதே ஆண்டில் தொடக்க வேளாண் கடன் சங்கம் அமைந்த திரூர், பழவேற்காடு அமைந்துள்ள திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்ததே.