மொனாக்கோவில் கிட்டார், சென்னையில் கஞ்சிரா

கெப்பாலா பத்தாஸ், பினாங்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் வாட்ஸ்அப் செய்திக்கு அதிலேயே பதில் தட்ட எனக்கு விரலும் வளையாது, பொறுமையும் கிடையாது. அதனால்தான் கடிதம். "'சக்தி' குழுவோட 'திஸ் மொமென்ட்' கேட்டேன் சார், நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆளுக்கொரு ஊர்ல உக்காந்து தனித்தனியா வாசிச்சு ஒட்டினதை எப்படி சார் குழுன்னு சொல்றது?" என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி, இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு அடுத்த வரிதான் எனக்குச் சுருக்கென்றது. பிங்க் ஃப்ளாய்டின் 'தி எண்ட்லெஸ் ரிவர்' மாதிரி இதுவும் வயசான காலத்தில் பழைய பேரை வைத்து ஓட்டுகிற வேலை, கிராமி விருது வயசுக்குக் கொடுத்த மரியாதை என்று எழுதியிருந்தாய்.

சுருக்கென்றதை முதலில் முடித்துவிடுகிறேன். 'தி எண்ட்லெஸ் ரிவர்' 2014இல் வந்தது. அதன் பெரும்பகுதி 1993, 94இல் 'தி டிவிஷன் பெல்' ஆல்பத்துக்காக வாசித்ததில் மிஞ்சிய ஒலிநாடாக்கள். கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் 2008இலேயே போய்விட்டார். போன நண்பனுக்குச் செய்த மரியாதை என்ற அளவில் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'சக்தி' குழு பழைய பெட்டி எதையும் திறக்கவில்லை. 1977இல் வந்த 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' ஆல்பத்துக்குப் பிறகு சக்தி என்ற பெயரில் ஸ்டூடியோ ஆல்பமே இல்லை. நாற்பத்தாறு வருடம் கழித்து, 2023 ஜூன் கடைசியில், எட்டு உருப்படிகளைப் புதிதாக வாசித்து வெளியிட்டார்கள். குழுவின் கிட்டார்காரர் ஜான் மெக்லாஃப்லினுக்கு அப்போது 81 வயது. 2024 பிப்ரவரியில் கிராமி வந்தது. வயசுக்குத்தான் விருது என்றால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் கொடுக்கலாம்.

உன் ராக் பட்டியலில் சக்தியை 'ஃப்யூஷன்' என்று தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறாய். மஹாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவை மட்டும் ப்ராக் ராக் வரிசையில் வைத்திருக்கிறாய். இரண்டுக்கும் மூளை மெக்லாஃப்லின் ஒருவர்தானே? 1971இல் 'தி இன்னர் மவுண்டிங் ஃப்ளேம்' போட்டுக் காதைக் கிழித்த அதே மனிதர், 1975இல் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, ஒலித்துளைக்குக் குறுக்கே சுருதித் தந்திகள் ஓடும் ஒரு தனி கிட்டாரோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சத்தம்தான் குறைந்தது. ஒற்றைப்படை எண்ணிக்கைகள், நீண்ட உருப்படிகள், பாட்டுக்கு நடுவே கதி மாற்றுவது என்று உன் ப்ராக் ராக் ஆட்கள் எதையெல்லாம் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்களோ அதெல்லாம் அப்படியே இருந்தது. பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' பாட்டின் ஏழு எண்ணிக்கையைப் பெரிய விஷயமாக எனக்கு விளக்கினாயே, மிஸ்ர சாப்பு வாசிக்கத் தெரிந்த உனக்கு அதில் என்னப்பா அதிசயம்?

இங்கே ஒன்றைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. மேல்நாட்டு விமர்சகர்கள் 'மெக்லாஃப்லினும் அவருடைய இந்திய வாத்தியக்காரர்களும்' என்று எழுதும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். முதல் சக்தியில் ஐந்து பேர். வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாடு ராகவன், இவர்களோடு தபலா ஜாகிர் உசேன், கிட்டார் மெக்லாஃப்லின். மூன்று பேர் நம்மாட்கள். சங்கரின் அப்பா லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர், 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. மெக்லாஃப்லினோ, அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டவர். மாணவன் யார், வாத்தியார் யார் என்று நீயே சொல். நம் பினாங்கின் ஆறுமுகம் சகோதரர்கள், லோகநாதனும் டேவிட்டும், 'ஆலிகேட்ஸ்' குழுவின் முன்வரிசையில் நின்று மலாய்ப் பாட்டில் இந்த நாட்டையே கட்டிப்போட்டார்கள். அவர்களை யாரும் பின்வாத்தியம் என்று சொல்லத் துணியவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தனித்தனியாக வாசித்து எப்படிக் குழுவாவது? கொரோனா காலம். மெக்லாஃப்லின் மொனாக்கோவில், ஜாகிர் கலிபோர்னியாவில், பாடகர் சங்கர் மகாதேவன் மும்பையில், கஞ்சிரா செல்வகணேஷ் சென்னையில் வீடு உள்ளவர்கள். பதிவுகளை ஒருவருக்கொருவர் அனுப்பிச் சேர்த்த ஆல்பம்தான் இது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ராக் உலகத்தில் ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடம் ஏற்றுவது அறுபதுகளிலிருந்தே நடக்கிறது. 1973இல் மைக் ஓல்ட்ஃபீல்ட் 'ட்யூபுலர் பெல்ஸ்' ஆல்பத்தில் ஏறக்குறைய எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்தார். அதை நீ தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாய். சக்திக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?

இருந்தாலும் உன் கேள்வி அதோடு தீரவில்லை. நான் சொல்ல வருவது இதுதான். இந்தக் குழு தூரத்தில் இருந்தும் சேர்ந்து வாசிக்க முடிந்ததற்குக் காரணம் கணினி இல்லை, நம் தாளக் கணக்கு. ஆதி தாளம், சதுஸ்ர நடை, ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. 'ததிகிணதொம்' மூன்று தடவை, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை. ஐந்தும் இரண்டும் ஐந்தும் இரண்டும் ஐந்தும், மொத்தம் 19. சமத்தில் போய் விழ வேண்டுமானால் 13 மாத்திரை விட்டு எடுக்க வேண்டும். அதாவது நாலாவது எண்ணிக்கையின் இரண்டாவது மாத்திரையில் எடுப்பு. இதை உனக்கு மட்டும் சொல்லவில்லை, இந்தக் கணக்கு தெரிந்த எவனும் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அதே இடத்தில்தான் எடுப்பான், அதே இடத்தில்தான் விழுவான். கோவிலில் உறுமி மேளம் வாசிக்கும்போது உன் தவில்காரனின் தோளைப் பார்த்துத்தான் நீ முடிக்கிறாய், நான் கவனித்திருக்கிறேன். தோளைப் பார்க்காமல் முடிக்கப் பழகு. அந்தத் தவில்காரனுக்கும் ஒரு மெட்ரோநோம் கொடுத்து, ஒரே நேரத்தில் ஓடவிட்டு, நீ பட்டர்வொர்த்தில் வாசி, அவன் இங்கே வாசிக்கட்டும். பதிவை ஒட்டிப் பார்த்தபிறகு என்னிடம் சண்டைக்கு வா.

இதனால்தான் நான் பல வருடமாக, கேட்க ஆள் கிடைத்தால், ஒன்று சொல்லி வருகிறேன்: சக்தியின் முதுகெலும்பு கிட்டாரும் இல்லை, வயலினும் இல்லை, ஒரு மண்பானை வீடு. விக்கு விநாயக்ராமின் அப்பா ஹரிஹர சர்மா 1958இல் சென்னையில் ஸ்ரீ ஜெய கணேஷ் தாள வாத்திய வித்யாலயாவைத் தொடங்கினார். மகன் கடத்தை எடுத்துக்கொண்டு முதல் சக்திக்குப் போனார். 'பிளானட் டிரம்' ஆல்பத்துக்காக ஜாகிரோடு கிராமியும் வாங்கினார். பேரன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு இரண்டாவது சக்தியில் சேர்ந்தார். கொள்ளுப்பேரன் சுவாமிநாதனும் கஞ்சிராதான். கஞ்சிரா என்றால் என்ன? பலா மரத்து வளையம், மரபுப்படி உடும்புத் தோல், ஒரு பிளவில் சலங்கைத் தகடுகள். ஒரு கை பிடிக்க, ஒரு கை அடிக்க. தண்ணீர் தெளித்துச் சுருதியை இறக்கி, பிடித்த கையின் விரலால் தோலை அழுத்திக் குரலை வளைக்க வேண்டும். அந்தச் சின்ன வட்டத்திலிருந்து செல்வகணேஷ் எடுக்கிற கீழ்ச்சுருதிக்கு ஹெட்போனில் தனியாகக் காது கொடு. பேஸ் கிட்டார் இல்லாத குறையே தெரியாது. ஆட்கள் மாறினார்கள், வயலின் கைமாறி கணேஷ்-குமரேஷ் சகோதரர்களில் மூத்தவரான கணேஷ் வந்தார், மாண்டலின் வந்து போனது. சொற்கட்டு மட்டும் ஒரே வீட்டிலிருந்து வந்தது. இதை நீ கட்டுரையாக எழுதினால் யாராவது மறுப்பார்கள், மறுக்கட்டும்.

மாண்டலின் என்றதும் ஸ்ரீனிவாஸ். 2014 செப்டம்பரில், 45 வயதில் போய்விட்டார். ஆல்பத்தின் முதல் உருப்படி 'ஸ்ரீனிஸ் ட்ரீம்'. அவர் இடத்தில் வேறொரு மாண்டலினை வைக்காமல் விட்டார்களே, அதற்கே இவர்களுக்கு ஒரு கும்பிடு. 'கிரிராஜ் சுதா'வையும் விடாதே. அது புதுசு இல்லை, 2001இல் வந்த 'சாட்டர்டே நைட் இன் பாம்பே' நேரடிப் பதிவில் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேள். சினிமாவில் 'என்ன சொல்லப் போகிறாய்' என்று உருகிய அதே சங்கர் மகாதேவன்தான் பாடுகிறார். பழையதில் எதிரே சபை இருக்கிறது, குரல் அதற்குப் பதில் சொல்கிறது. புதியதில் குரல் சுத்தமாக, நேராக வருகிறது. எனக்குப் பழையதுதான்.

இங்கேதான் உன் கேள்விக்குப் பாதி நியாயம் கிடைக்கிறது. தாளம் தூரத்தைக் கடக்கும், சவால்-ஜவாப் கடக்காது. அனுப்பிவைத்த பதிவுக்கு நான் பதில் வாசிக்கலாம். என் பதிலைக் கேட்டு நீ உன் கேள்வியை மாற்ற முடியாது, அது பதிவாகி முடிந்துவிட்டது. தனி ஆவர்த்தனத்தில் நடப்பதே அந்த மாற்றம்தான். ஜாகிர் ஒரு கோர்வையைப் பாதியில் முறித்துவிட்டுக் கண்ணால் சிரிப்பார், விக்கு மிச்சத்தை வேறு நடையில் முடித்துக் கொடுப்பார். 1975 ஜூலை 5ஆம் தேதி நியூயார்க்கின் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் பதிவான முதல் ஆல்பத்தில், தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே உருப்படி, ஏறக்குறைய 29 நிமிடம். 'திஸ் மொமென்ட்' ஆல்பத்தில் அந்த நீளத்தை நெருங்குவது ஒன்றுகூட இல்லை. எல்லாம் அளவாக, இஸ்திரி போட்டது மாதிரி இருக்கிறது. நான் எட்டையும் கேட்டுவிட்டு 'நன்றாக இருக்கிறது' என்றேனே தவிர, எந்த இடத்திலும் நாற்காலியை விட்டு எழவில்லை. 29 நிமிடத்தில் எழுந்திருக்கிறேன், வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இதையும் பார். ஆல்பம் வந்த 2023இலேயே ஐம்பதாம் ஆண்டுச் சுற்றுப்பயணம் போனார்கள். தனித்தனி அறைகளில் வாசித்த ஐந்து பேரும் ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள். அந்தக் கச்சேரிகளின் பதிவு 2025இல் 'மைண்ட் எக்ஸ்ப்ளோஷன்' என்று வந்திருக்கிறது. நடுவில் 2024 டிசம்பர் 15 அன்று ஜாகிர் போய்விட்டார். ஆகவே ஜாகிர் இருக்கும் சக்தியின் கடைசி ஸ்டூடியோ ஆல்பம் நீ 'ஓட்டுகிற வேலை' என்று சொன்ன அதே ஆல்பம்தான்.

உனக்கு வேலை இது. ஸ்டூடியோ ஆல்பத்திலும் நேரடிப் பதிவிலும் இருக்கும் ஓர் உருப்படியை எடுத்துக்கொள். இரண்டையும் கையில் தாளம் போட்டபடி கேள், கோர்வை எங்கே எடுப்பு, எங்கே விழுகிறது என்று பேனாவால் குறி. எடுப்பு மாறியிருந்தால் யாரால் மாறியது, கஞ்சிராவாலா தபலாவாலா என்று எழுதி அனுப்பு. காகிதத்தில் அனுப்பு, வாட்ஸ்அப்பில் வேண்டாம். தைப்பூசத்துக்குள் வந்தால் தண்ணீர்மலை போகும் வழியில் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் வாத்தியார்