படிப்பு ஏறாத குழந்தையா?

"மக்கு! உனக்குப் படிப்பு ஏறாது." சிறு வயதில் இப்படித் திட்டு வாங்கியவர்கள் நம்மில் பலர். அதோடு பள்ளியை விட்டு நின்றவர்களும் உண்டு.

42-இல் 17 போனால் மீதி எவ்வளவு? ஒரு சிறுமி 35 என்று எழுதுகிறாள். ஏன்? 2-இல் 7 போகாது. அதனால் 7-இல் 2-ஐக் கழித்துவிட்டாள். பக்கத்தில் கடன் வாங்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். விடை 25 என்பதைக் கல்லை வைத்துக்கூடச் சொல்லித் தரலாம்.

ஆசிரியர் திட்டினால் என்ன ஆகும்? சிறுமி சந்தேகம் கேட்கப் பயப்படுவாள். மறுநாள் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுவாள். விடை சரியாக இருக்கும். கழித்தல் மட்டும் வராது. பிறகு கணக்குப் பாடம் உள்ள நாளில் வயிற்றுவலி என்பாள். வீட்டில் நாமும் "மக்கு" என்றால் அவள் எங்கே போவாள்?

ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆசிரியர் படும் பாடு பெரிதுதான். ஆனாலும் சட்டம் தெளிவாக இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. குழந்தையை அடிக்கக் கூடாது, மனம் நோகத் துன்புறுத்தவும் கூடாது என்கிறது அதன் 17-ஆம் பிரிவு. அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே.

சண்டைக்குப் போக வேண்டாம். நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். "என் மகள் எந்த இடத்தில் தவறுகிறாள், ஐயா?" என்று கேளுங்கள். திட்டு நிற்கவில்லையா? குழுக் கூட்டத்தில் சொல்லுங்கள்.