பாட்டு முடியும் முன்பே தீரும் சுருள்

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு சூப்பர் 8 கேமரா கிடைத்தது. பேட்டரி போட்டால் ஓடுகிறது. எங்கள் தெரு அம்மன் திருவிழாவில் மாமா பாடும் மெல்லிசைக் கச்சேரியை முழுக்க இதிலேயே எடுக்க ஆசை. முடியுமா ஐயா?
– வாசகி, ஆஸ்டின் டவுன், பெங்களூரு

பதில்: முழுக்க முடியாதம்மா. ஒரு கார்ட்ரிட்ஜில் 50 அடிச் சுருள்தான் இருக்கும். நொடிக்கு 18 படம் என்று ஓட்டினால் 3 நிமிடம் 20 நொடி. 24 என்றால் இரண்டரை நிமிடம். மாமா இரண்டாவது சரணத்துக்கு வரும்போது உங்கள் கேமரா காலி. கோடாக் 1965இல் இதைக் கொண்டுவந்ததே பிறந்தநாள், சுற்றுலா எடுக்கத்தான்.

ஒலியும் பதிவாகாது. காந்தப் பட்டை ஒட்டிய ஒலிச் சுருள் 1973இல் வந்தது. இப்போது தயாரிப்பில் இல்லை. அதற்காகக் கவலைப்படாதீர்கள். 1938இல் தென்னிந்தியா வந்த டச்சுக்காரர் ஆர்னால்ட் பேக், நம் ஊர்க் கலைஞர்களை 16 மி.மீ. பேசாப் படமாக எடுத்தார். பாட்டை வேறொரு கருவியில் பதிந்தார். நீங்களும் மிக்ஸர்காரரிடம் கேட்டு ஒரு லைன் வாங்கி, கச்சேரி முழுவதையும் தனியாகப் பதிந்துவிடுங்கள்.

படமும் பாட்டும் கடைசிவரை ஒட்டி ஓடும் என்று மட்டும் நம்ப வேண்டாம். பழைய மோட்டார் சீராக ஓடாது. டோலக் வாசிப்பை எடுத்தீர்களானால் அடி ஓரிடத்திலும் சத்தம் ஓரிடத்திலும் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். விரல்களும் வெறும் புகையாகத்தான் தெரியும். மூச்சு இழுக்கும் மாமாவின் முகம், பாட்டு நோட்டைப் புரட்டும் கை, முன்வரிசையில் தூங்கிப்போன குழந்தை இவற்றைப் பத்துப் பத்து நொடியாக எடுங்கள். எதற்கும் உதடு பொருந்த வேண்டியதில்லை.

உண்மையான தலைவலி வெளிச்சம்தான். கோடாக் 500T கலர் நெகட்டிவ் வாங்குங்கள். இரவுக் கச்சேரிக்கு அதைவிட வேகமான சுருள் சூப்பர் 8இல் கிடைப்பது அரிது. மஞ்சள் ஃபோகஸ் லைட்டில் எடுப்பதால், கேமராவுக்குள் இருக்கும் ஆரஞ்சு ஃபில்டரை விலக்க மறக்காதீர்கள். பல கேமராக்களில் பல்பு படம் போட்ட சுவிட்ச் அதற்குத்தான். தானியங்கி மீட்டரை மேடையில் நம்பாதீர்கள். பின்னாலிருக்கும் இருட்டைப் பார்த்து அது துவாரத்தை அகலத் திறந்துவிடும், மாமாவின் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிடும். முகத்துக்கு அருகே போய் அளந்து, அந்த அளவிலேயே பூட்டிவிடுங்கள். எல்இடி விளக்கு, சீரியல் செட் எல்லாம் படத்தில் துடிக்கும். அது எனக்குப் பிடிக்கும். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் அந்தப் பக்கம் திருப்பாதீர்கள்.

சுருள் வாங்கும் முன்பே, அதைக் கழுவி ஸ்கேன் செய்து தரும் லேபைப் பேசி வையுங்கள். விமானத்தில் எடுத்துப்போக நேர்ந்தால் எக்ஸ்ரேயில் போடாமல் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மூன்று கார்ட்ரிட்ஜ் போதும். ஒன்றை மாமாவின் கடைசிப் பாட்டுக்கென்று எடுத்து வையுங்கள்.