நீர் வரும் வழியைக் காப்போம்



நம் வழிபாட்டில் நீரின்றி எதுவும் தொடங்குவதில்லை. குருக்கள் கலசத்தில் நீர் நிரப்பி, கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நருமதை, சிந்து, காவிரி ஆகிய ஏழு நதிகளையும் அதில் எழுந்தருள வேண்டிய பின்னரே பூசை தொடங்குகிறது. அபிஷேகத்திற்கும் தீர்த்தத்திற்கும் குடமுழுக்கிற்கும் நீரே முதற்பொருள். திருவள்ளுவரும் கடவுள் வாழ்த்தை அடுத்து, இரண்டாம் அதிகாரமாக வான் சிறப்பையே வைத்தார்.

ஏழு நதிகளின் பெயர் நமக்குத் தெரியும். ஆனால் பிரிக்பீல்ட்ஸிலோ, செந்தூலிலோ, கிள்ளானிலோ உள்ள கோயிலில் அந்தக் கலசத்தை உண்மையாக நிரப்பும் ஆறு எது? இதனை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. அதனை அறிந்துகொள்வதும், அந்த ஆற்றைக் காக்க நம் கடமை யாதெனத் தெளிவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

நம்மை வாழ்விக்கும் ஆறுகள்

கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பகுதி நிலத்தடியிலிருந்து எடுக்கப்படுவதன்று, ஆற்றிலிருந்து எடுக்கப்படுவது. தீத்திவங்சா மலைத்தொடரில் பெய்யும் மழை ஓடைகளாகிச் சிலாங்கூர், கிள்ளான், லங்காட், செமினி ஆறுகளில் சேர்கிறது. அணைகள் அதனைத் தேக்கி வைக்கின்றன. ஆற்றோரச் சுத்திகரிப்பு ஆலைகள் எடுத்துத் தூய்மை செய்து அனுப்புகின்றன.

கோலாலம்பூரின் குடிநீருக்கென உலு கிள்ளானில் கிள்ளான் கேட்ஸ் அணை 1958-இல் கட்டப்பட்டது. தாமான் மெலாவாத்திக்கு மேலே, வெண்கற் பாறை மலையாகிய புக்கிட் தாபூரின் அடியில் அந்த ஏரி பரந்து கிடக்கிறது. நகரம் வளர வளர அது போதவில்லை. லங்காட், செமினி, பத்து அணைகளும் சுங்கை திங்கி, சுங்கை சிலாங்கூர் அணைகளும் பின்னர் எழுந்தன. இன்று நம் தேவையில் பாதிக்கும் மேற்பட்ட நீரைச் சிலாங்கூர் ஆறு ஒன்றே தருகிறது. கிள்ளானில் வாழ்பவர் குழாயைத் திறந்தால், கோலகுபு பாரு மலைக்காட்டில் பெய்த மழை வரக்கூடும்.

காடு செய்யும் திருப்பணி

மழை நீர் ஓர் ஏரிக்கு வந்து சேரும் நிலப்பரப்பு முழுவதையும் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம். அங்கே காடு இருந்தால், இலைகள் மழையின் வேகத்தைத் தணிக்கின்றன. வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. சருகு மூடிய நிலம் நீரை உறிஞ்சிச் சிறிது சிறிதாக ஓடைக்கு விடுகிறது. மழை நின்று பல நாள் கழிந்த பின்னும் ஓடை வற்றாதிருப்பது இதனால்தான். காட்டை அழித்தால் மழைக்காலத்தில் வெள்ளமும், வறட்சியில் வெற்றுப் படுகையும் மிஞ்சும். அரிக்கப்பட்ட மண் ஏரியில் படிந்து அதன் கொள்ளளவைக் குறைக்கும்.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. பழைய கோலகுபு பட்டணத்தின் மேற்புறத்தில் ஈயச் சுரங்கங்கள் கழித்துவிட்ட மண் ஆற்றுப் படுகையை மேடாக்கியது. வெள்ளம் மீண்டும் மீண்டும் ஊருக்குள் புகுந்தது. இறுதியில் பட்டணத்தையே மேட்டு நிலத்திற்கு மாற்ற நேர்ந்தது. அப்படிப் பிறந்ததே இன்றைய கோலகுபு பாரு.

இரண்டு எச்சரிக்கைகள்

1998-ஆம் ஆண்டை நம் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். எல் நினோ வறட்சியால் அணைகள் வற்றி, பல மாதம் நீர்ப் பங்கீடு நடந்தது. நகரம் காமன்வெல்த் விளையாட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்த அதே ஆண்டில், வாளிகளோடு லோரிக்காகக் காத்து நின்றோம். அது மழை பொய்த்ததால் வந்த துன்பம்.

2020-ஆம் ஆண்டு வந்தது வேறு வகை. செப்டம்பர் 3-ஆம் தேதி, ரவாங் வட்டாரத்தில் சுங்கை கோங் ஆற்றில் கலந்த கழிவின் வாடை சிலாங்கூர் ஆற்றை எட்டியது. நான்கு சுத்திகரிப்பு ஆலைகள் மூடப்பட்டன. 1,292 பகுதிகளில் ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்கு நீர் நின்றது. ஆறு நிறைய நீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் குடிக்க ஒரு துளியும் எடுக்க முடியவில்லை. படிகாரம் கலங்கலைத் தெளிய வைக்கும். குளோரின் கிருமியைக் கொல்லும். தொழிற்சாலைக் கரைப்பான்களின் நாற்றத்தை இவை போக்குவதில்லை. ஆகவே ஆலையை மூடுவதைத் தவிர வழியில்லை.

அவ்வாண்டே சிலாங்கூர் சட்டமன்றம் நீர்வள நிர்வாகச் சட்டத்தைத் திருத்தி, ஆற்றை மாசுபடுத்துவோருக்குக் குறைந்தது 2 லட்சம் ரிங்கிட், கூடியது 10 லட்சம் ரிங்கிட் அபராதமும் சிறையும் விதித்தது. சட்டம் வேண்டியதே. எனினும் நள்ளிரவில் ஓடைக்கரையில் நின்று கொட்டுபவனைச் சட்டப் புத்தகம் பார்ப்பதில்லை. அக்கரையில் வாழும் மனிதர்தாம் பார்க்க முடியும்.

தொண்டர்கள் நின்ற காவல்

இப்படிப் பார்க்கும் கண்களாகத் தாமே முன்வந்தவர் பலர். உலு கிள்ளான், அம்பாங், கோம்பாக் மலைகளின் காடுகளை ஒன்றாக இணைத்துச் சிலாங்கூர் மாநிலப் பூங்காவாகக் காக்க வேண்டுமென, மலேசிய இயற்கைக் கழகமும் ட்ரீஸ் என்னும் தன்னார்வக் குழுவும் பல்லாண்டு உழைத்தன. இது நம் தலைநகரின் நீர்த்தொட்டி என்று பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் எடுத்துச் சொல்லி ஆதரவு திரட்டின. ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெக்டர் காடு பூங்கா என்னும் பெயர் பெற்றது. ஆயினும் கிழக்கு கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலைக்காக அம்பாங் வனக்காப்பில் நூறு ஹெக்டருக்குச் சற்று மேற்பட்ட நிலம் பின்னர் விடுவிக்கப்பட்டது. காவல் என்பது ஒரு முறை வென்று முடிகிற காரியமன்று என்பதை இதனால் அறிகிறோம்.

மற்றொரு பணி ஆற்றங்கரையில் நடக்கிறது. 1998-இல் நிறுவப்பட்டுப் பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் உலகச் சுற்றுச்சூழல் மையம், குடியிருப்பாளருக்கும் மாணவருக்கும் ஆற்றைச் சோதிக்கக் கற்றுக் கொடுக்கிறது. பரிசோதனை எளியது. நீரில் கரைந்துள்ள உயிர்வளி, அம்மோனியா, அமிலத்தன்மை ஆகியவற்றைச் சிறு பெட்டியிலுள்ள மருந்துகளால் அளக்கலாம். ஓடைக் கல்லைப் புரட்டி, அடியில் வாழும் பூச்சிகளையும் பார்க்கலாம். ஈசல் போன்ற ஒருநாள் பூச்சியின் இளம் பருவம் அங்கே இருந்தால் நீர் தூயது. செந்நிறப் புழுக்கள் மட்டுமே நெளிந்தால் நீர் கெட்டது. நம் நாட்டில் ஆறுகளை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டு வகுப்பு நீரே குடிநீருக்கு எளிதில் உகந்தது. மூன்றாம் வகுப்புக்குக் கடுஞ்சுத்திகரிப்பு வேண்டும். மாதந்தோறும் குறிப்பெடுக்கும் தொண்டருக்கு, ஆறு ஒரு வகுப்பிலிருந்து மறு வகுப்பிற்கு இறங்குவது முன்கூட்டியே புலப்படும்.

முன்னோர் வகுத்த ஏரி வாரியம்

இது நமக்குப் புதிய நெறியன்று. காஞ்சிக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் உள்ளன. அவ்வூர்ச் சபை ஆண்டு வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு, அறுவர் கொண்ட ஏரி வாரியத்தையும் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்தது. பதவிக்காலம் 360 நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய உறவினரும் மீண்டும் பதவிக்கு வர இயலாது. இன்றைய நோக்கில் அச்சபை எல்லாருக்கும் திறந்திருந்ததன்று. ஆயினும் ஏரிக்கென்று பொறுப்பாளர், காலவரை, கணக்கு என்னும் மூன்றையும் வகுத்த அறிவு போற்றத்தக்கது.

நம் புரவலர்கள் சிறப்பாகக் கருத வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. கோயில் விளக்கெரிக்கப் பொன் வைத்தது போலவே, ஏரியில் தூர் வாரவும் அன்பர்கள் பொன் வைத்தனர். அதன் வட்டியில் ஆண்டுதோறும் வேலை நடந்தது. ஏரிப் பராமரிப்பிற்கு விட்ட நிலத்திற்கு ஏரிப்பட்டி என்றே பெயர். நீர்நிலைக்குக் கொடுப்பதும் அறக்கட்டளையே என்று அவர்கள் கருதினர்.

பத்துமலை அடிவாரத்தில்

1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்படும் பத்துமலையில், சுங்கை பத்து ஆற்றங்கரையில் நீராடியே அடியார்கள் காவடி எடுக்கிறார்கள். மேலே பத்து அணையில் தேங்கும் ஆறும் இதுவே. முன்னோர் ஆற்றிலேயே மூழ்கி எழுந்தனர். இன்று பெரும்பாலோர் கரையில் அமைத்த குழாய் நீரில் குளிக்கிறோம். விழா முடிந்த மறுநாள் கரையில் கிடப்பவை என்ன? நெகிழிப் புட்டிகள், ஷாம்பு உறைகள், பால் பைகள், உணவுப் பொட்டலங்கள். அந்த ஆறு கோம்பாக்கில் கலந்து, கிள்ளான் ஆற்றோடு சேர்ந்து, பிரிக்பீல்ட்ஸைக் கடந்து, கிள்ளான் வழியே கடலுக்குப் போகிறது. பிறரது தொழிற்சாலையைக் குறை கூறும் முன், நம் கை கழுவிய இடத்தை நாம் பார்க்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

1. அன்னதானச் சமையலில் எஞ்சிய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல் கலனில் சேர்த்து, வாங்குவோரிடம் கொடுக்க வேண்டும். தெருக்கால்வாயில் விழுவது பெரும்பாலும் சுத்திகரிப்பின்றி நேரே ஆற்றுக்குச் செல்கிறது.

2. மாலை, வாழையிலை, தேங்காய் நார் ஆகியவற்றைக் கோயில் வளாகத்திலேயே உரமாக்கலாம். பூசைப் பொருளை ஆற்றில் விடுவது புண்ணியம் என்னும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

3. தண்ணீர்ப் பந்தல் அமைப்போர் சிறு புட்டிகளைத் தவிர்த்து, பெரிய கலனில் நீர் வைத்து, தேய்த்துக் கழுவும் குவளைகளில் வழங்கலாம்.

4. ஓடையில் நிறமாற்றமோ நாற்றமோ மீன் சாவோ கண்டால், இடத்தையும் நேரத்தையும் குறித்து, படம் எடுத்து, சுற்றுச்சூழல் துறைக்கோ ஆயர் சிலாங்கூர் நிறுவனத்திற்கோ உடனே தெரிவிக்க வேண்டும். ஒரு மணி நேரத் தாமதமும் ஆலைக்குப் பெரிது.

5. வனக்காப்பு நிலத்தை விடுவிக்கும் முன் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டுமென்பது சிலாங்கூரின் சட்டம். அவ்வறிவிப்பு வரும்போது கோயில் நிருவாகமும் இளைஞர் பிரிவும் தம் கருத்தை எழுத்தில் அனுப்ப வேண்டும்.

6. ஒவ்வொரு கோயிலும் தனக்கு அருகிலுள்ள ஓடை ஒன்றைத் தத்தெடுத்து, அறுவர் கொண்ட குழுவை ஓராண்டுக்கு நியமித்து, ஆண்டுக் கூட்டத்தில் கணக்குக் கேட்கலாம். உத்திரமேரூர் காட்டிய வழி இது.

அன்பர்களே, நாம் எழுப்பும் இராஜகோபுரம் நூறாண்டு நிற்கலாம். அதன் கலசத்தில் ஊற்றும் நீர் அன்றாடம் மலையிலிருந்து வர வேண்டும். அடுத்த பன்னிரண்டாம் ஆண்டுக் குடமுழுக்கின்போதும் நம் பிள்ளைகள் தூய நீரெடுத்து இறைவனை நீராட்ட வேண்டுமாயின், அந்த நீர் வரும் வழியை இன்றே காப்போம். எல்லாம் வல்ல முருகப் பெருமான் திருவருள் நம் முயற்சிக்குத் துணை நிற்பதாக.