மிளகுக்கு எத்தனை டார்கெட்?

பி.ஃபார்ம் இறுதியாண்டில் எனக்குக் கிடைத்த ப்ராஜெக்ட், மிளகின் பைப்பரின் உடம்பில் எந்தெந்தப் புரதங்களோடு ஒட்டுகிறது என்று பார்ப்பது. மறைமலைநகர் வீட்டில் உட்கார்ந்து ஓர் இணையக் கருவியில் மூலக்கூறைக் கொடுத்தேன். நூறு டார்கெட் புரதங்கள் வரிசையாக வந்தன. அப்படியே அட்டவணை போட்டு வைவாவுக்குப் போய்விட்டேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இதுல எத்தனைம்மா அளந்து பார்த்தது, எத்தனை கணிப்பு?" நூறும் கணிப்பு. அது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

இன்று பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் சந்தேகம் கேட்டு வரும்போது அந்தக் கேள்வியைத்தான் நானும் முதலில் கேட்கிறேன்.

நம் ஊர் மூலிகை என்றால் 'இம்பாட்' தரவுத்தளத்தைத் திறக்கச் சொல்வேன். தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் அரீஜித் சமாலின் குழு 2018-ல் வெளியிட்டது. அப்போது 1,742 செடிகள்; இரண்டாம் பதிப்பில் 4,010 செடிகள், 17,967 வேதிப்பொருட்கள். எந்தப் பொருள் செடியின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்றும் பிரித்துக் காட்டுகிறது. நிலவேம்புக் குடிநீரில் வெட்டிவேர் வேராகச் சேர்கிறது, சுக்கு கிழங்காக, மிளகு காயாக. பகுதி தெரியாமல் செடியின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால், குடிநீரில் சேராத பொருளையெல்லாம் சேர்த்து எண்ணிவிடுவோம்.

அங்கே மூலக்கூறு கிடைத்ததும் பெயரை விட்டுவிட்டு, அதன் அமைப்பைக் குறிக்கும் 27 குறிகள் கொண்ட இன்ச்சிக்கீயை எடுத்துக்கொள்ளுங்கள். பைப்பரினுக்கும் அதன் ஐசோமரான சவிசினுக்கும் அணுக்களின் இணைப்பு ஒன்றேதான். இரட்டைப் பிணைப்புகளின் திசைதான் வேறு. அதனால் முதல் 14 எழுத்துகள் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கும், அதற்கடுத்த பகுதி மாறும். முழுக் கீயையும் ஒப்பிடாதவர் ஒன்றின் தரவை இன்னொன்றின் தலையில் கட்டிவிடுவார்.

அடுத்து கெம்பிள் தரவுத்தளம். இங்கிலாந்தின் ஹிங்ஸ்டனில் இருக்கும் ஐரோப்பிய நிறுவனம் நடத்துகிறது, இலவசம். ஆய்வுக்கட்டுரைகளில் அளந்து சொன்ன எண்களைத் திரட்டி வைத்திருப்பதால் எனக்கு இதன் மேல்தான் நம்பிக்கை அதிகம். ஆனால் அதிலும் ஒவ்வொரு வரியையும் நிறுத்திப் படிக்க வேண்டும். அஸ்ஸே, அதாவது சோதனை வகையில் 'பி' என்றால் புரதத்தோடு நேரடியாகப் பிணைவதை அளந்தது; 'எஃப்' என்றால் செல்லிலோ திசுவிலோ விலங்கிலோ தெரிந்த விளைவு. நம்பகத்தன்மை மதிப்பெண் 9 என்றால் குறிப்பிட்ட அந்தப் புரதத்தையே வைத்துச் செய்தது. 8 என்றால் அதன் உறவுப் புரதம். அலகையும் விடாதீர்கள். மைக்ரோமோலாரும் நானோமோலாரும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். வீரியத்தைக் காட்டும் பி-கெம்பிள் மதிப்பு 6 என்றால் ஒரு மைக்ரோமோலார், 9 என்றால் ஒரு நானோமோலார். மிளகின் காரத்தை நாக்குக்கு உணர்த்தும் டிஆர்பிவி1 புரதத்தை பைப்பரினும் தூண்டும், மிளகாயின் கேப்சைசினும் தூண்டும். ஆனால் பைப்பரினுக்குப் பல மைக்ரோமோலார் வேண்டும், கேப்சைசினுக்கு ஒன்றுக்கும் குறைவே போதும். அட்டவணையில் இரண்டுக்கும் வெறும் டிக் போட்டால் இந்த உண்மை காணாமல் போய்விடும்.

மஞ்சளைப் பற்றியும் சொல்ல வேண்டும். குர்குமினைத் தேடினால் டார்கெட் கொட்டும். அது தானே ஒளிரும், திரளும், புரதத்தோடு வினைபுரியும். அதனால் சோதனைகளில் இல்லாத வினையையும் இருப்பதுபோல் காட்டும். 2017-ல் வந்த ஒரு மருத்துவ வேதியியல் கட்டுரை இதை விரிவாக எச்சரித்தது. ஆகவே பெரிய பட்டியலைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சியைவிடச் சந்தேகம்தான் முதலில் வரும்.

போன வாரம் ஒரு மாணவி பைப்பரினுக்கு எழுபது டார்கெட் கொண்டுவந்தாள். கெம்பிள் பதிப்பு எண்ணையும் தேடிய தேதியையும் மேலே எழுதச் சொல்லிவிட்டு, வரிவரியாக மூலக் கட்டுரையைத் திறந்தோம். சாயங்காலம் விளக்கு போடும் நேரத்துக்குப் பதினொன்று மிஞ்சியது. "இதுக்கு ஒவ்வொண்ணுக்கும் நான் பதில் சொல்வேன்க்கா" என்றாள்.